குடும்பச் செய்திக்கு ஒரு சாவடி

குடும்பத்துக்கு இன்றியமையாதன எவையென்று வினவினால், உணவும் உடையும் உறையுளும் எனச் சிறு பிள்ளையும் விடை கூறும். நான்காவதாகச் சேர்க்கத்தக்கது ஒன்றுண்டு, அது செய்தி. பிரிந்திருப்போர் ஒருவர் நலத்தை ஒருவர் அறியாவிடில், குடும்பம் என்பது பெயரளவில் நிற்குமேயன்றி உயிருடையதாகாது. அச்செய்தி எவ்வழியே செல்லுதல் வேண்டும், அவ்வழியை யார் காத்தல் வேண்டும் என்பதைக் குறித்து எமது குடும்பத்தார் நெடுநாள் ஆராய்ந்து, ஒருவாறு ஒரு முடிவுக்கு வந்தனர். அவ்வாராய்ச்சியில் யாம் அறிந்தவற்றுள், மாணவ அன்பர்களுக்குப் பயன்படக்கூடிய சிலவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எமது ஊர் இடையஞ்சாவடி. விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், 1968-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஆரோவில்லுக்கு அருகே, செம்மண் மேட்டின்மேல் அமைந்தது. கிழக்கே சென்றால் கடல். கடற்கரைச் சாலைவழியே வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். சாவடி என்னுஞ் சொல் வழிப்போக்கர் தங்குதற்கும் ஊரார் கூடிப் பேசுதற்கும் உரிய பொதுவிடத்தைக் குறிக்கும். அங்கே பேசுவோரிடம் ஒருவரும் வாடகை கேட்பதில்லை. யார் யாரோடு எத்தனை நாழிகை பேசினார் என்று ஏட்டிற் குறித்து வைப்பாருமில்லை. ஆயினும் அதன் கூரையைச் செப்பனிடவும் திண்ணையை மெழுகவும் யாரேனும் ஒருவர் பொறுப்பேற்றல் வேண்டும். பொறுப்பாளரில்லாத சாவடி சில மழைக்காலங்களிற் குட்டிச்சுவராய்விடும். பேசுவோர்க்குத் தடையில்லாமையும், காப்போர்க்குப் பொறுப்புண்மையும் ஆகிய இவ்விரண்டையுமே யாம் செய்திக்குரிய வழியிலும் தேடினோம்.

எமது குடும்பம் பல ஊர்களிற் சிதறியது. ஆயாவும் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஊரிலேயே இருக்கின்றனர். மாமா மரக்காணத்து உப்பளமொன்றிற் கணக்கெழுதுகிறார். சித்தப்பா பாரிசில் இருக்கிறார். புதுச்சேரியைச் சூழ்ந்த ஊர்களிற் பிரான்சு தேசத்தில் உறவினரில்லாத தெரு அரிதென்பதை அப்பக்கத்தார் அறிவர். எமது தமையனார் சென்னையிற் கணினி உத்தியோகம் பார்க்கிறார். பெரியப்பாவின் மகளாகிய தங்கை அந்நகரத்திலேயே மருத்துவமனையொன்றிற் செவிலியாக இருக்கிறாள். இவ்வாறாக எண்ணிப் பார்த்தால் பதினேழு பேர். இவர்கள் அனைவருக்கும் பொதுவாக ஒரு வழி வேண்டும்.

செய்தி செல்லும் வழிகள் நிலையானவை என்று எண்ணுதல் இயல்பு. ஆனால் சரித்திரம் அவ்வாறு கூறவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நன்மை தீமைகளை நம் வாசலுக்குக் கொணர்ந்த தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நிறுத்தப்பட்டது. இணையத்தின் வழியே வந்த புதிய தூதர்களின் ஆயுளோ இன்னும் குறுகியது. யாஹூ மெசஞ்சர் 2018-லும், பிளாக்பெரியாரின் பொதுமக்கட்குரிய மெசஞ்சர் 2019-லும், நம் தேசத்திலேயே தோன்றிய ஹைக் 2021-லும், ஸ்கைப் 2025-ஆம் ஆண்டு மே மாதத்திலும் மூடப்பட்டன. இவற்றை நம்பியிருந்தோர் கோடிக்கணக்கானோர். எனினும் கதவடைக்கும் நாளைக் குறிக்கும் அதிகாரம் அவர்களில் ஒருவருக்கேனும் இல்லை. பிறர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசுவோர், வீட்டுக்காரர் எழச் சொன்னால் எழத்தானே வேண்டும்?

வாட்ஸப்பை விட்டு வேறொன்றைத் தேடுவானேன் என்று சிலர் வினவக்கூடும். அதன் நன்மைகளை மறைத்துரைப்பது நேர்மையன்று. 2009-ல் தோன்றி, 2014-ல் ஃபேஸ்புக் நிறுவனத்தாரால் வாங்கப்பட்ட அச்செயலி, 2016-ஆம் ஆண்டு முதல் இருமுனை மறையாக்கம் உடையதாக விளங்குகிறது. அஃதாவது, அனுப்புவோர் கைபேசியிற் பூட்டப்படும் செய்தி, பெறுவோர் கைபேசியிலன்றி இடையில் எங்கும் திறக்கப்படுவதில்லை. ஆனால் உறைக்குள் இருக்கும் கடிதம் வேறு. உறையின்மேல் எழுதிய விலாசம் வேறு. கடிதத்தைப் படியாதவரும் விலாசத்தைப் பார்க்கலாம். யார் யாருக்கு, எப்பொழுது, எத்தனை முறை எழுதினார் என்னுங் குறிப்புகளே ஒரு குடும்பத்தின் பாதிக் கதையைக் கூறிவிடும். 2021-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அந்நிறுவனத்தார் தம் விதிகளை மாற்றி, அவற்றை ஏற்றே தீரவேண்டும் என்று அறிவித்தபொழுதுதான், இவ்விஷயம் நம் நாட்டிற் பலருடைய கவனத்துக்கு வந்தது. அதனை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 213 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டைக் கேட்ட தீர்ப்பாயம் 2025 நவம்பரில் அவ்வபராதத்தை உறுதிசெய்து, விளம்பரத்துக்காகத் தகவல் பகிர்தலின்மேல் ஆணையம் விதித்திருந்த ஐந்தாண்டுத் தடையை மட்டும் நீக்கியது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள், உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பதின்மர் கூடி, அந்தரங்கம் நம் அரசியலமைப்பின்கீழ் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். உரிமை உண்டென்று அறிந்தபின், அதனை எவ்வாறு கைக்கொள்வது என்பதே எஞ்சிய வினா.

நிற்க. தமக்கென ஒரு செய்தி நிலையம் அமைத்துக்கொள்வது என்றால் யாது என்பதை விளக்குதல் வேண்டும். கைபேசியில் நாம் காணுஞ் செயலி தபாற்பெட்டியைப் போன்றது. அதற்கப்பால் எங்கோ ஓரிடத்தில் இரவு பகலாக இயங்கும் கணினியொன்று தபால் நிலையமாக நின்று, செய்திகளைப் பெற்று உரியவரிடஞ் சேர்ப்பிக்கிறது. இதனைச் சர்வர் என்றும் வழங்கி என்றும் கூறுவர். பெரிய நிறுவனங்களின் வழங்கிகள் அவர்களுடையவை. ஆனால் எவரும் இலவசமாகப் பெற்று நிறுவிக்கொள்ளத்தக்க மென்பொருள்களும் உண்டு. அவற்றைக் கொண்டு ஒரு குடும்பமோ ஒரு பள்ளியோ தனக்கென ஒரு தபால் நிலையத்தை நடத்தலாம்.

இவ்வகையில் இரண்டு முறைகள் சிறப்பாகப் பேசப்படுகின்றன. ஒன்று எக்ஸ்எம்பிபி என்பது. ஜெரமி மில்லர் என்பார் 1999-ல் ஜாபர் என்னும் பெயரால் வெளியிட்டு, 2004-ல் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. மின்னஞ்சலைப் போலவே, வெவ்வேறு நிலையத்தாரும் இம்முறையில் ஒருவருக்கொருவர் எழுதலாம். மற்றொன்று 2014-ல் தோன்றிய மேட்ரிக்ஸ். இதன்கண் சம்பாஷணை முழுதும் அதிற் கலந்துகொள்ளும் ஒவ்வொரு வழங்கியிலும் படியெடுத்து வைக்கப்படும். ஆதலின் கைபேசி தொலைந்தாலும் பழைய பேச்சு தொலைவதில்லை. ஆனால் வழங்கிக்கு நினைவகமும் சேமிப்பிடமும் மிகுதியாக வேண்டும். அன்றியும் மறையாக்கத்துக்குரிய திறவுகோலைப் பயனர் பத்திரப்படுத்தாவிடில், சேமித்த பேச்சைத் திறக்கவும் இயலாது. எக்ஸ்எம்பிபி முறையோ சிறிய கணினியிலும் இலகுவாக நடக்கும். அம்முறையில் குடும்பங்களையும் சிறு குழுக்களையும் கருதியே அமைக்கப்பட்டது ஸ்னிக்கெட் என்னும் மென்பொருள். நிலையத்தை நடத்துபவர் ஓர் அழைப்பு இணைப்பை அனுப்பினால், பெற்றவர் அதனைத் தொட்டு உட்புகலாம். செய்திகளும் படங்களும், வேறு ஏற்பாடு செய்யாவிடில், ஏழு நாட்களே வழங்கியில் தங்கும். பின்னர் அவரவர் கைபேசியில் மட்டுமே இருக்கும். தபால் நிலையம் பெட்டகமாகிவிடாதிருத்தல் நன்றென்று எமக்குத் தோன்றியது.

சிக்னல் என்னும் செயலியையும் ஆராய்ந்தோம். 2018 முதல் இலாப நோக்கமற்ற அறக்கட்டளை ஒன்றன் ஆதரவில் நடைபெறுவது. மறையாக்கத்திற் பிறருக்கு வழிகாட்டியாயிருப்பது. நிறுவுதற்கு யாதொரு சிரமமும் இல்லாதது. ஆனால் அதன் செயலி அவர்களுடைய வழங்கியோடு மட்டுமே பேசும். நம் சாவடியில் அதனை இருத்துதல் இயலாது. நம் தமிழ்நாட்டு ஜோஹோ நிறுவனத்தார் 2021-ல் வெளியிட்ட அரட்டை என்னுஞ் செயலி 2025 செப்டம்பரில் திடீரெனப் பெரும் புகழ் பெற்றது. அப்பொழுது அழைப்புகளுக்கு மட்டுமிருந்த இருமுனை மறையாக்கத்தை எழுத்துச் செய்திகளுக்கும் விரிக்க அவர்கள் பின்னர் முற்பட்டனர். தமிழ்ப் பெயருடைய ஒன்று உலகோர் கவனத்தைப் பெற்றது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் அதுவும் பிறரொருவர் வீடே. நம் மொழி பேசுவார் வீடு என்பதனால் நம் வீடு ஆகிவிடாது.

அயலாரை நோக்க, கேரளத்திலும் பிறவிடங்களிலும் உள்ள இந்தியச் சுதந்திர மென்பொருட் சமூகத்தார் இத்துறையில் நெடுநாள் உழைத்து வந்துள்ளனர். பாடரி என்னும் பெயரால் பொதுமக்கட்கு எக்ஸ்எம்பிபி, மேட்ரிக்ஸ் சேவைகளை அவர்கள் நடத்தினர். பின்னர், பயனர்களே உறுப்பினராகவும் உடைமையாளராகவும் இருக்குங் கூட்டுறவுச் சங்க முறையில் ஒரு சேவை வேண்டுமென்று, ப்ராவ் என்னும் முயற்சியைத் தொடங்கினர். மலையாளத்தில் அச்சொல்லுக்குப் புறா என்பது பொருள். தூது செல்லும் பறவைக்குரிய பெயர் பொருத்தமானதே. ஒருவரே எல்லாவற்றையும் வைத்து நடத்துவதற்கும், பெருநிறுவனத்தின் கையில் எல்லாவற்றையும் ஒப்படைப்பதற்கும் இடையே, பலர் கூடிக் காக்கும் மூன்றாவது வழியொன்று உண்டென்பதை இம்முயற்சி எமக்கு உணர்த்தியது.

இவ்வாராய்ச்சியில் நாம் மறத்தற்கரிய செய்தி பிறிதொன்றும் உளது. ஜம்மு காஷ்மீரத்திற் பயங்கரவாதிகள் பயன்படுத்துகின்றனர் என்று காரணங் காட்டி, இந்திய அரசாங்கத்தார் 2023 மே மாதத்தில் 14 செயலிகளைத் தடைசெய்தனர். மேட்ரிக்ஸ் முறையில் இயங்கும் எலிமென்ட் என்பதும் அவற்றுள் ஒன்று. ஒரே செயலியை நம்பிய முறை எதுவாயினும், அச்செயலி விலகினால் உடன்விலகும். ஆதலின், ஒரு முறைக்குப் பல செயலிகள் உளவா என்று கேட்டறிதல் நலம் என்று கற்றோம்.

எம்முறையைத் தேர்வது என்பதினும் கடினமாயிருந்தது, வழங்கியை எங்கே வைப்பது என்பது. சிறு நூலளவே உள்ள ராஸ்பெரி பை என்னுங் கணினியொன்றை வாங்கி, இடையஞ்சாவடி வீட்டிற் சுவாமி அலமாரிக்கு அருகே வைத்துவிடலாம் என்று தமையனார் முதலில் விரும்பினார். நம் செய்தி நம் வீட்டுக் கூரையின்கீழ் இருக்குமென்ற எண்ணம் இனிதே. ஆனால் இரண்டு தடைகள் எதிர்ப்பட்டன. வீடுகளுக்கு இணையம் வழங்குவோர் பலர், தனி முகவரி தாராமல், பல வீடுகளை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னே நிறுத்துகின்றனர். அவ்வாறாயின் வெளியிலிருந்து வருவோர்க்கு நம் வீட்டு வாயில் புலப்படாது. இதற்குச் சில மாற்று வழிகள் உண்டெனினும், இரண்டாவது தடைக்கு மாற்றில்லை. அது கடல்.

எமது கரை புயல்களுக்குப் பழகிய கரை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2020 நவம்பர் 25-ஆம் நாள் நள்ளிரவையொட்டி நிவர் புயல் மரக்காணத்துக்கு அருகே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவில் வந்த ஃபெஞ்சல் புயலோ நகராது நின்று பெய்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. அவ்விரவில் எம் வீட்டில் மின்சாரமில்லை. வழங்கி அங்கே இருந்திருப்பின், ஆயாவின் செய்தி மட்டுமன்றிப் பாரிசிலிருப்பவர் சென்னையிலிருப்பவருக்கு எழுதுஞ் செய்தியுங்கூட நின்றுபோயிருக்கும். பதினேழு பேரும் ஒருவரையொருவர் தேடும் இரவிலேயே சாவடியின் கூரை பறந்துவிடுமாயின் அச்சாவடியாற் பயன் என்னை? ஆகவே மாதம் சில நூறு ரூபாய் வாடகையில், தரவு மையம் ஒன்றில் இயங்கும் கணினியின் ஒரு பகுதியைப் பெறுதலே தக்கது எனத் துணிந்தோம். முழு உரிமை சற்றுக் குறைந்தது உண்மை. அதற்கு ஈடாகப் பாதுகாப்பு மிகுந்தது.

இவ்வளவும் முடிந்தபின், பொங்கலுக்கு எல்லோரும் ஊரிற் கூடியபொழுது, தமையனார் தம் திட்டத்தை விளக்கினார். பெரியோர் யாவரும் தலையசைத்தனர். அதுகாறும் வாளாவிருந்த தங்கை மட்டும், “அண்ணா, இதை நடத்தப்போவது யார்?” என்று கேட்டாள்.

“நான்தான்” என்றார் அவர்.

“நான் இராத்திரி எத்தனை மணிவரைக்கும் விழித்திருந்தேன், யாரோடு பேசினேன் என்று உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?”

செய்தியின் உள்ளடக்கம் மறையாக்கத்தால் தமக்குத் தெரியாதென்றும், ஆனால் யார் எப்பொழுது உட்புகுந்தார், யாரை நண்பராகச் சேர்த்திருக்கிறார், எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்பவை நடத்துவோர்க்குத் தெரியக்கூடும் என்றும் அவர் உண்மையை ஒளியாது கூறினார். வேண்டுமாயின் ஒருவருடைய கடவுச்சொல்லை மாற்றும் அதிகாரமும் நடத்துவோர்க்கு உண்டென்பதையும் அவரே சேர்த்துரைத்தார்.

அதற்கு அவள் கூறிய மறுமொழி இன்றும் எம் செவியில் நிற்கின்றது. “கம்பெனிக்காரனுக்கு நான் ஆயிரம் கோடியில் ஓர் எண், அண்ணா. உங்களுக்கு நான் தங்கச்சி. அவன் பார்த்தால் எனக்கு ஒரு விளம்பரம் வரும். நீங்கள் பார்த்தால் அப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். எது எனக்குக் கஷ்டம், சொல்லுங்கள்?”

வீட்டில் ஒருவரும் பேசவில்லை. அவளுக்கு அப்பொழுது வரன் பார்த்துக்கொண்டிருந்தனர். அவளோ ஜெர்மனி தேசத்து மருத்துவமனையொன்றிற் பணிக்கு மனுச் செய்துவிட்டு, அதனைத் தன் தாயாரிடம் மட்டும் கூறியிருந்தாள் என்பது பின்னர்த் தெரிந்தது. தகாதது ஒன்றும் அவள் செய்யவில்லை. தன் வாழ்க்கையைப் பற்றித் தானே முடிவு செய்யும்வரை அதனைத் தன்னிடத்தே வைத்துக்கொள்ள விரும்பினாள். அந்தரங்கம் என்பது குற்றமுடையோர்க்கு வேண்டிய திரையென்று எண்ணுவோர் பலர். முளைக்கும் விதைக்கு மேலே மண் வேண்டுமன்றோ? அம்மண்ணை நாடோறுங் கிளறிப் பார்ப்பவர் அன்பினாற் கிளறினாலும் விதை கெடும்.

அந்நியர் கண்ணினின்று குடும்பத்தைக் காத்தல் வேறு. குடும்பத்தின் கண்ணினின்று ஒருவரைக் காத்தல் வேறு. சொந்த வழங்கி முதலாவதைச் செய்யும். இரண்டாவதைத் தானாகச் செய்யாது. சில வேளைகளில் அதற்கு ஊறும் விளைக்கும். இத்துறையில் யாம் படித்த விளக்கங்களுள் வழங்கியின் வேகத்தையும் நினைவகத்தையும் ஒப்பிட்டவை பல. வீட்டுக்குள் யார் கையில் அதிகாரம் குவிகின்றது என்று கேட்டவை மிகச் சில. நம் தேசத்துக் குடும்பங்களிற் கணினி அறிந்தவர் பெரும்பாலும் மூத்த ஆண்மகனாக இருப்பதால், நாம் இதனைக் கேளாது விடுதல் தகாது.

இச்சிக்கலை அவிழ்க்கும் நூலை எடுத்துக் கொடுத்தவர் கணினியொன்றும் அறியாத மாமா. “உப்பளத்தில் மதகைத் திறப்பவன் ஒருவன், மூட்டைக்குக் கணக்கு எழுதுபவன் ஒருவன். இரண்டையும் ஒருவன் கையிற் கொடுத்தால் அவன் நல்லவனாயிருந்தாலும் ஊர் நம்பாது” என்றார் அவர். உப்பளத்தின் மற்றோர் இயல்பையும் அவர் சொல்லக் கேட்டோம். பாத்தி கட்டிக் கடல்நீரைப் பாய்ச்சிவிட்டால் வெயில் தானே உப்பை விளைவிக்கும் என்று காண்போர் நினைப்பர். ஆனால் வரப்பைத் திருத்தவும், விளைந்ததை வேளையில் வாரவும் ஆளில்லையெனில், ஒரு மழையில் எல்லாம் கரைந்துபோகும். வழங்கியும் அத்தன்மைத்தே. இணையப் பெயருக்கு ஆண்டுதோறும் பணங்கட்டுதல் வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களை வந்தவுடன் சேர்த்தல் வேண்டும். சான்றிதழ் தானே புதுப்பிக்கப்படுகின்றதா என்று பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். ஒருவரே அறிந்த வழங்கி, அவர் நோயுற்ற நாளிற் பதினேழு பேரையும் ஊமையாக்கும்.

ஆகவே யாம் எல்லோருங் கூடிச் சில விதிகளை எழுதினோம். நடத்துவோர் இருவர், ஒருவர் தமையனார், மற்றவர் தங்கையே. அவள் தொடக்கத்திற் சிரித்து மறுத்தாள். பின்னர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டியவற்றைக் கற்றுக்கொண்டாள். ஒருவருடைய கடவுச்சொல்லை மாற்றுவதாயின் அவர் வேண்டுதலின்பேரிலேயே மாற்றி, அதனைக் குடும்பக் குழுவில் அறிவித்தல் வேண்டும். யார் எப்பொழுது உட்புகுந்தார் என்னுங் குறிப்பை, பழுது பார்த்தற்கன்றி ஒருவரும் நோக்குதல் கூடாது. நோக்கியதைப் பேசுதல் அறவே கூடாது. பொதுச் செய்தியும், குழந்தைகளின் படங்களும், ஆயாவின் மருந்துக் கணக்கும் எம் சாவடியிற் பேசப்படும். தனிப்பட்ட விஷயங்களை அவரவர் விரும்பிய செயலியில் விரும்பியவரோடு பேசலாம். ஏன் இங்கே பேசவில்லை என்று ஒருவரையும் கேட்டலாகாது. கடவுச்சொற்களும், வாடகைக்கும் இணையப் பெயருக்கும் பணங்கட்டும் நாட்களும் தாளில் எழுதப்பட்டு, முத்திரையிட்ட உறையிற் பெரியம்மாவின் பீரோவில் இருக்கும். புயற்காலத்துக்கென எல்லோருடைய தொலைபேசி எண்களும் நோட்டுப் புத்தகமொன்றில் எழுதப்பட்டுச் சுவரில் தொங்கும்.

நடைமுறையில் நேர்ந்தவற்றையும் கூறுதல் முறை. சில கைபேசிகள் மின்கலத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணியில் இயங்குஞ் செயலிகளை உறங்கவைத்துவிடுகின்றன. அவற்றின் அமைப்பிற்சென்று இச்செயலிக்கு விலக்களித்த பின்னரே செய்தி வேளைக்கு வந்தது. சித்தப்பாவின் ஐபோனில் செய்தி வந்ததை அறிவிக்கும் மணி மட்டும் ஆப்பிள் நிறுவனத்தாரின் வழங்கி வழியே சென்றுதான் ஒலிக்கும். அதனை நாம் தவிர்த்தல் இயலாது. முற்றிலும் தனித்து நிற்றல் என்பது இவ்வுலகில் இல்லையென்று இதனாலும் அறியலாம். ஆயா எழுத்தை விட்டுக் குரற்செய்தியையே பயன்படுத்துகிறார், பொத்தானை அழுத்திக்கொண்டு, “சாமி, சாப்பிட்டியா?” என்று கேட்பதே அவருடைய முதற்செய்தியும் பெரும்பாலும் முழுச்செய்தியுமாம். பதினேழு பேரில் இருவர் இன்றுவரை வரவில்லை. அவர்களுக்குப் பழைய வழியிலேயே எழுதுகின்றோம். வற்புறுத்தி அழைக்கப்படுமிடம் சாவடியாகாது.

தங்கை தன் ஜெர்மனிச் செய்தியைத் தானே, தான் குறித்த நாளில், தன் வாயாற் பெரியப்பாவிடம் கூறினாள். அவர் இரண்டு நாள் பேசவில்லை; மூன்றாம் நாள், அங்கே குளிர் எவ்வளவு இருக்கும் என்று கேட்டார். அவள் இப்பொழுது அந்நாட்டு மொழியைப் பயின்று வருகிறாள். அவள் புறப்பட்ட பின்னர் அவளுடைய பொறுப்பை யார் ஏற்பது என்பதையும் அவளே கேட்டு, சித்தப்பாவின் மகளுக்குக் கற்பித்து வருகிறாள்.

இனி, இக்கட்டுரையைப் படிக்கும் மாணவ அன்பர்களுக்கு ஒன்று கூறுவோம். 1930-ஆம் ஆண்டில் நம் நாட்டுக் கடற்கரைகளிலும், சிறப்பாக வேதாரணியத்திலும் உப்புக் காய்ச்சிச் சிறை புகுந்தோர், ஆயுள் முழுதும் தம் உப்பைத் தாமே காய்ச்சியவரல்லர். பெரும்பாலார் பின்னர்க் கடையிலேயே வாங்கினர். ஆயினும் வேண்டும்பொழுது காய்ச்சிக்கொள்ளும் உரிமை தமக்குண்டு என்பதை அவர்கள் நாட்டினர். அவ்வுரிமையை அறிந்தவன் கடையில் வாங்கும்பொழுதும் அடிமையாக வாங்குவதில்லை. எல்லாக் குடும்பங்களும் தமக்கென வழங்கி அமைத்தல் வேண்டுமென்று யாம் கூறவில்லை. ஓயாது பணி செய்யும் வீட்டார்க்கு அது வீண்சுமையாகலாம். அவர்கள் சிக்னல் போன்ற ஒன்றைத் தேர்ந்து மனநிறைவோடிருத்தல் தகும். எதனைத் தேர்ந்தாலும், நம் பேச்சை வைத்திருப்பவர் யார், அவர் எவற்றைக் காணக்கூடும், அவர் கதவடைத்தால் நாம் எங்கே போவோம் என்னும் மூன்று வினாக்களையும் கேட்ட பின்னரே தேர்தல் வேண்டும்.

நம்முட் கணினி கற்றவர்கள் நாளை தத்தம் வீட்டுக்கு இத்தகைய சாவடி அமைக்க முற்படுவர், முற்படுதலும் நன்றே. அவர்கள் முதலிற் கேட்கவேண்டியது எந்த மென்பொருள் சிறந்தது என்பதன்று. நம் வீட்டில் இதுவரை பேசாதவர் யார், அவருக்கு இதில் அச்சம் யாது என்று கேட்டறிதல் வேண்டும். அவர் அஞ்சாமற் பேசக்கூடிய இடமே நல்ல சாவடி.